செவி: நன்று

பாடசாலை மருத்துவப் பரிசோதனை அட்டையை எப்படி நிரப்ப வேண்டும் என்பது எனக்கு நித்திரையிலும் தெரியும். கல்விக் கந்தோரில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவள் நான். பிள்ளை முன்னால் நிற்க வேண்டும். வகுப்பாசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். பார்க்கிற வைத்தியரே தம் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். குறை கண்டால் பெற்றோருக்கு ஒரு துண்டு, ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு. செவியைச் சோதிக்க ஒரு கருவியும் தேவையில்லை. பிள்ளையின் பின்னால் நின்று ஒரு காதைப் பொத்திவிட்டு, மற்றக் காதுக்கு ஓர் இலக்கத்தைக் குசுகுசுத்தால் போதும். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இந்த வயதிலும் ஆறவில்லை.

நான் முதன்முதலில் அந்த அட்டையை நிரப்பியபோது எனக்குப் பதினொரு வயது.

நெடுந்தீவில் எங்கள் பள்ளிக்கூடம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் ஆறாம் வகுப்பு, அண்ணை எட்டாம் வகுப்பு. அப்பா தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். அண்ணைக்குக் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து வலது காதில் சீழ் வடியும். அம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடுவார், பஞ்சு வைப்பார், நேர்த்தி வைப்பார். சீழ் சில மாதம் நிற்கும், பிறகு வரும். அந்தக் காதின் கேட்கும் சக்தி மட்டும் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் ஒரு நோயாகப் பேசியதில்லை. அண்ணையிடம் ஏதாவது சொல்வதென்றால் அவருடைய இடப்பக்கத்துக்குப் போய்ச் சொல்வோம், அவ்வளவுதான். வகுப்பில் அவர் வாத்தியாரின் வாயைப் பார்த்தே பாடம் கேட்டார். தேகாப்பியாசத்தில் எப்போதும் இரண்டாம் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவன் திரும்பினால் தானும் திரும்புவார். யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் ஆடி மாதம், மருத்துவப் பரிசோதனைக்கு டொக்டர் வருகிறார் என்று கடிதம் வந்தது. எங்கள் தீவுக்கு ஒரு டொக்டர் வருவதென்பது சாதாரண காரியமல்ல. சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கிற காலம் அது. மோட்டர் வள்ளத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வாந்தி எடுத்துக்கொண்டு வரவேண்டும். அப்படி வருகிற மனிதரைச் சாப்பாடு கொடுக்காமல் திருப்பி அனுப்பினால் தீவுக்கே மானக்கேடு என்று பெரியவர்கள் நினைத்தார்கள். பெரிய வாத்தியார் வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார். ஒரு வீட்டார் நண்டு, ஒரு வீட்டார் கணவாய், இன்னொரு வீட்டார் தயிர். அம்மா தன்னுடைய சிவப்புச் சேவலைக் கொடுத்தார். அந்தச் சேவலை அம்மா தீபாவளிக்குக்கூடத் தொடவிடவில்லை.

"சேவல் போனால் போகட்டும். டொக்டர் இவன்ர காதை ஒருக்காப் பாத்தாரெண்டால் காணும்" என்றார்.

அன்று காலை அண்ணையின் காதைத் துடைத்துப் புதுப் பஞ்சு வைத்தார். பிறகு அதையும் எடுத்துவிட்டார்; டொக்டர் பார்க்கும்போது மறைக்கக்கூடாதாம்.

"வலது பக்கத்தைக் காட்டவேணும். விளங்குதோ? வெக்கப்பட்டுக்கொண்டு நிக்காதை."

"ஓம்" என்றார் அண்ணை, அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு.

வேம்பின் கீழ் வரிசையாக நின்றோம். ஆண்பிள்ளைகள் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். அண்ணை தன் வகுப்பு வரிசையில் முதலாவது. வள்ளம் பிந்தி வந்தது. டொக்டர் முகமெல்லாம் வெளுத்து இறங்கினார். முதலில் அவரைச் சாய்மனைக் கதிரையில் படுக்க வைத்தார்கள். தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு தேநீர். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்த நேரம் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சோறு, நண்டு, கணவாய், சேவல், தயிர். நாங்கள் சட்டையில்லாமலும் பசியோடும் நின்றோம். குசினிப் பக்கமிருந்து குழம்பு வாசம் வந்தது. அதில் எங்கள் சேவலின் வாசம் எது என்று நான் பிரித்தறிய முயன்றது நினைவிருக்கிறது.

டொக்டர் கைகழுவும்போது வள்ளக்காரர் ஓடி வந்தார். "ஐயா, கடல் ஏறுது. இப்ப வெளிக்கிட்டால்தான். இல்லாட்டி ரெண்டு நாள் இஞ்சைதான் கிடக்கவேணும்."

இரண்டு நாள் என்ற சொல் டொக்டரின் முகத்தை மறுபடியும் வெளுக்க வைத்தது. பெரிய வாத்தியார் அட்டைக் கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றும் எழுதாத அட்டைகள். டொக்டர் நின்றபடியே எல்லாவற்றின் அடியிலும் கையெழுத்து வைத்தார். நூற்றுச் சொச்சம் கையெழுத்து. சாப்பாடு செமிக்க நல்ல தேகாப்பியாசம்.

அவர் துறையடிக்குப் போகும்போது எங்கள் வரிசையைக் கடந்துதான் போக வேண்டும். அண்ணை வரிசையை விட்டு ஓர் எட்டு முன்னால் வந்து, தலையைச் சரித்து, வலது காதை அவருக்குக் காட்டிக்கொண்டு நின்றார். டொக்டர் அவர் தலையைத் தடவினார். "கெட்டிக்காரன். நல்ல உடம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொன்னதும் வலது பக்கமாகத்தான்.

அடுத்த நாள் பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் எழுத்து வடிவாக எழுதுகிறவள் நான் என்று பெயர். என் எழுத்தில் ஒரு சிறப்பு இருந்தது: 'று' வந்தால் அதன் வாலை முழுச் சொல்லுக்கும் கீழே கோடு போட்டதுபோல் இழுத்துவிடுவேன். "இந்த வால் ஆருக்கு?" என்று அம்மா பலமுறை கேட்டிருக்கிறார். எனக்கு எழுத்துப் பழக்கியவர் அம்மாதான். அவர் பழக்கிய எழுத்தில் வால் இல்லை.

"இது கந்தோர் வேலை, பிள்ளை. வீட்டிலை கதைக்கக்கூடாது" என்றார் பெரிய வாத்தியார். கண், செவி, தொண்டை, இருதயம், தோல் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று எழுத வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "எல்லாருக்கும் நன்றெண்டு போட்டால் மேலிடத்திலை ஐமிச்சப்படுவினம். பத்துப் பேருக்கு ஒருத்தருக்குப் பல்லிலை சூத்தை போடும். ஆருக்கெண்டு நீரே பாத்துப் போடும்."

பதினொரு வயதில் இப்படியொரு அதிகாரம் கிடைத்தால் யார் விடுவார்? பின்னாளில் கந்தோரில் எனக்குக் கிடைத்த எந்த அதிகாரமும் அதற்குக் கிட்ட வராது. மூன்று பின்னேரம் எழுதினேன். கணக்கில் என்னை முந்துகிறவளுக்கு இரண்டு சூத்தை போட்டேன். என் பின்னலை இழுத்தவனுக்கு ஒன்று. அண்ணையின் அட்டை வந்தபோது பேனையைத் துடைத்து, புதிதாக மை தொட்டு, மிகக் கவனமாக எழுதினேன். பல்: நன்று. கண்: நன்று. செவி: நன்று. அண்ணைக்கு ஒரு குறையும் வரவிடக் கூடாதென்று நினைத்தேன். அந்த அட்டையில்தான் வால்கள் ஆக அழகாக விழுந்தன.

கடல் தணிந்த பிறகு வித்தியாதரிசி வந்தார். பள்ளிக்கூடங்களைப் பார்வையிட்டு மேலிடத்துக்கு அறிக்கை எழுதுகிறவர் அவர். அவருக்காகத் தேகாப்பியாசக் காட்சி ஒன்று ஏற்பாடாயிற்று. ஒரு கிழமையாக மைதானத்தில், தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளின் சாணம் பொறுக்கினோம். தேகாப்பியாச வாத்தியார் இளைஞர், யாழ்ப்பாணத்தில் பயிற்சி பெற்று வந்தவர். முன்வரிசைக்கு ஆள் தெரிவுசெய்ய அவர் அட்டைகளைத்தான் புரட்டினார். ஒரு குறையும் எழுதப்படாத பிள்ளைகள் முன்வரிசை. சூத்தைப் பல்காரர் பின்னுக்கு. என் கணக்குப் போட்டிக்காரி அழுதாள். அண்ணை முதல் வரிசையின் நடுவில் நிறுத்தப்பட்டார். அவருக்கு முன்னால் இப்போது யாரும் இல்லை.

பயிற்சியின்போது வாத்தியார் எங்களுக்கு எதிரே நின்று கையைக் காட்டிக் கட்டளையிட்டதால் பிழை வரவில்லை. காட்சி நாளில் அவர் மேடையில், வித்தியாதரிசியின் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அணி மேடைக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்கும்; முதல் விசிலுக்குக் கடற்பக்கமாக நடக்க வேண்டும். அடுத்த விசிலுக்கு எல்லோரும் திரும்பி மேடையை நோக்கி வர வேண்டும்.

முதல் விசிலுக்கு அண்ணை சரியாகப் புறப்பட்டார். பக்கத்தில் இருந்தவர்களின் கால் அசைந்ததைக் கண்டிருப்பார். மார்பை நிமிர்த்தி, நேரே பார்த்து, பழக்கியபடி நடந்தார். இரண்டாவது விசில் அடித்தபோது கடற்காற்று எதிரே வந்தது. சனம் கைதட்டிக்கொண்டிருந்தது. அணி முழுவதும் திரும்பியது. அண்ணை மட்டும் திரும்பவில்லை.

தனியே போய்க்கொண்டேயிருந்தார். கைகள் தோளளவு எழும்பி விழுந்தன.

"டேய், எங்கையடா போறாய்? வள்ளம் பிடிக்கவோ!" என்று யாரோ கத்தினார்கள். சனம் கொல்லென்று சிரித்தது. வித்தியாதரிசியும் சிரித்தார். "அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கேல்லைப் போலை" என்று பெரிய வாத்தியாரிடம் சொன்னார். அண்ணை மைதானத்தின் எல்லையிலிருந்த கல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்கப்பால் போக இடமில்லை. நிற்கச் சொல்லி உத்தரவும் வரவில்லை. ஆகவே வேலியைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். கட்டளைக்குப் பணியாதவன் என்று பிறகு எழுதப்பட்டது அந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

தேகாப்பியாச வாத்தியார் ஓடிப்போய், தோளைப் பிடித்துத் திருப்பி, அறைந்தார். வலது கையால் அறைந்தால் எதிரே நிற்பவரின் இடது காதில் விழும். அதுதான் கேட்கிற காது.

அடுத்த நாள் அம்மாவை வரச் சொன்னார்கள். நான் வகுப்பிலிருந்தேன். பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அட்டைகள் அலுமாரியில் எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்பது எனக்குத்தான் தெரியும். நான் போனபோது அம்மா கதிரையில் இருக்கவில்லை, நின்றார். அண்ணை சுவரோரமாக, காதைப் பொத்தியபடி.

"மாஸ்டர், இவன் குழப்படி செய்யேல்லை. இவனுக்கு வலது காது கேக்காது."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? பெத்தனான் சொல்லுறன்."

"இஞ்சை பாரும், நீர் சொன்னதை நான் வித்தியாதரிசிக்கு எழுத ஏலாது. பிள்ளை, எட்டாம் வகுப்புக் கட்டை எடும்."

நான் ஒரு நொடியில் எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். கண் நன்று. செவி நன்று. "அரசாங்க டொக்டர் கையெழுத்து வைச்சிருக்கிறார். அவரைவிட உமக்குத் தெரியுமோ?"

அவர் நடிக்கவில்லை. இதை நான் உத்தியோகத்துக்கு வந்த பிறகுதான் கண்டுகொண்டேன். ஓர் அட்டை மூன்று மாதம் அலுமாரிக்குள் இருந்தால் போதும், அதை நிரப்பச் சொன்னவரே அதை நம்பத் தொடங்கிவிடுவார்.

"டொக்டர் இவனைப் பாக்கேல்லை, மாஸ்டர். தலையைத் தடவிப்போட்டுப் போனவர். அதுக்கு நான் சேவலும் தந்தனான்."

"சேவலைப் பற்றி இஞ்சை கதையாதையும். வேணுமெண்டு செய்ததெண்டு ஒத்துக்கொண்டு இவன் எழுதித் தரட்டும், ஆறு அடியோடை விடுறன். இல்லாட்டிப் பேரை வெட்டவேண்டி வரும்."

"செய்யாததை ஏன் எழுதவேணும்? அதை ஒருக்காத் தாருங்கோ" என்று அம்மா கையை நீட்டினார்.

அட்டையை வாங்கிக் கதவு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். 'நன்று' என்ற சொல்லின் கீழே விரலை வைத்து மெல்ல இழுத்தார், ஒவ்வொரு வாலாக. பிறகு தலையை நிமிர்த்தி அண்ணையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தால் அம்மா அந்த வழக்கை வென்றிருப்பார். வித்தியாதரிசி அன்றைக்கும் தீவில்தான் இருந்தார். அந்த வசனத்துக்குப் பிறகு பெரிய வாத்தியார், டொக்டர், இருவருமே பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். டொக்டரின் கையெழுத்துக்கு மேல் எழுதிய பிள்ளையும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அம்மா அட்டையை மேசையில் வைத்தார்.

"எழுத்து நல்ல வடிவாயிருக்கு, மாஸ்டர்" என்றார். "பேரை வெட்டுங்கோ."

அண்ணை தை மாதத்துக்கு முன்பே அப்பாவின் கடைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்தவர், சின்ன வயதில் காட்டியிருக்கலாமே என்று கேட்டாராம். அண்ணை வாழ்நாள் முழுவதும் வாடிக்கையாளர்களுக்கு இடது பக்கத்தைத் திருப்பியபடி வியாபாரம் செய்தார். அட்டையைப் பற்றி என்னிடம் ஒருபோதும் கேட்கவில்லை. அம்மா அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் எண்ணம்.

பேரை வெட்டச் சொன்ன அன்று மூவரும் வெயிலில் வீட்டுக்கு நடந்தோம். அம்மா அண்ணையின் இடப்பக்கமாக நடந்தார், நான் பின்னால். பெரிய வாத்தியாருக்கு முன்னால் என் எழுத்தைப் புகழ்ந்தாரே, அதை வீட்டுக்குப் போனதும் என்னிடமும் ஒருமுறை சொல்வார் என்று நினைத்துக்கொண்டு, நான் வழியெல்லாம் துள்ளித் துள்ளிப் போனேன்.