நூர் நிஷாவுக்கு மினுக்காத விளக்கு

வடக்குத்து ஊர்க்காரர் ஹாமித், நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீசியன். மனைவி நூர் நிஷாவுக்குக் காது கேட்காது. அவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். வாசல் பொத்தானை அழுத்தினால் உள்ளே எல்.இ.டி. விளக்கு மினுக்கும்படி, மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் அவராகவே புரோகிராம் எழுதினார். அழுத்திப் பார்த்தார், அவள் எழுந்து வரவில்லை.

"மைன்ஸுக்கே லைட்டு போடுறீங்க, வூட்டுல ஒண்ணு எரியலியே," என்றாள், உள்ளே வந்தவரிடம்.

வயரை மாற்றினார், எல்.இ.டி.யை மாற்றினார், மினுக்கும் இடைவெளியைக் கூட்டினார். அவர் கண்ணுக்கு ஒவ்வொரு முறையும் மினுக்கியது.

கடைசியில், மினுக்கிக்கொண்டிருந்த போர்டை அவள் முகத்தருகே கொண்டுபோனார்.

"இப்பதான் சரி பண்ணியிருக்கீங்க," என்று சிரித்தாள்.

சில நாளாகத் தான் கேட்டதற்கு அவள் மாற்றிப் பதில் சொல்வதை விளையாட்டென்று நினைத்திருந்தார். எதிரே உட்கார்ந்து, "நாளைக்குக் கண் டாக்டரைப் பார்ப்போம்," என்றார்.

அவர் வாயையே பார்த்தபடி, "சோறு ஆவுதுங்க, கொஞ்சம் பொறுங்க," என்றாள்.