உப்பு போட்ட இன்னொருத்தி

போன ஆடிப்பூரத்தன்று எங்கள் அகத்துப் பெருமாளுக்குப் படைத்த சாத்துமுதில், அதாவது ரசத்தில், உப்பு இரண்டு பங்கு இருந்தது. நான் ஒரு தடவைதான் போட்டேன்.

படைப்பதற்கு முன் தளிகையை ருசி பார்ப்பது எங்கள் வழக்கமில்லை. முகர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். கவனம்தான் அளவு. அதற்கு முந்தைய மாசியில்தான் எனக்கு மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்று தெரிந்திருந்தது. நரம்பின் மேலுறையை உடலே அரிக்கும் நோய். வலது கால் மரத்தது. பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் நான் மூடிவைத்த உப்பு ஜாடி திறந்து கிடந்தது. திருப்பதி மலையடிவாரத்தில் அலிபிரி பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் பகலில் என்னைத் தவிர யாருமில்லை. இன்னொருத்தி இருக்கிறாள் என்றே நம்பினேன். ஆவணித் திருவோணத்தன்று காஸ் நாற்றம் அடித்தது. அடுப்பின் முன் நான் நின்றிருந்தேன். குமிழ் திறந்திருந்தது. என் விரல்கள் அதன் மேல் இருந்தன. எவ்வளவு நேரமாக நின்றேனோ, தெரியாது.

சித்தூரிலிருந்து மாமியார் வந்தார். மறுபடியும் உப்பு கரித்தது.

"பெருமாளுக்கு பி.பி. ஏறிடப் போறதுடி" என்றார் என் கணவர். மாமியார் சிரிக்கவில்லை.

"இனிமே தளிகை நான் பண்றேன். நீ உக்காந்திரு."

அன்று பெருமாள் முன் அழுதேன். காலை எடுத்துக்கொள், உனக்குச் சமைக்கும் கையை விட்டுவை, அவள் யாரென்று காட்டு என்று கேட்டேன்.

மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. அன்று ஒரு நாள் மட்டும் சமையலைக் கேட்டு வாங்கினேன். மற்ற இருவரும் மலைக்குப் போயிருந்தார்கள். ஜாடிக்குள் கை போனது. காதருகே ஒரு குரல்.

"போட்டாச்சு, குழந்தே. நேத்து அழுதியே."

திரும்பினேன். யாருமில்லை. கையை எடுத்தேன். படைத்தபின் ருசித்தேன். உப்பு சரியாக இருந்தது.

எனக்குத் தேதிகள் மறப்பதில்லை. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஆடிப்பூரம், திருவோணம், எல்லாமே நான் அழுது தீர்த்ததற்கு மறுநாட்கள். இன்னொருத்தி இல்லை. போட்டதை மறந்து மறுபடியும் போட்டவள் நான்தான்.

மருத்துவரிடம் சொன்னேன். இந்த நோயில் மனம் சோர்ந்தால் கவனமும் சேர்ந்து நழுவும், சோர்வுக்குச் சிகிச்சை உண்டு என்றார். குரல் உங்கள் மனமேதான் என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் என் மனம் என்னைக் குழந்தே என்று கூப்பிட்டதேயில்லை.

நோய் போகவில்லை. கால் இன்னும் மரக்கிறது. மருந்தும் ஆலோசனையும் தொடர்ந்ததில் தை மாதத்துக்குள் கவனம் திரும்பியது. ரதசப்தமியன்று மாமியார் என் சாத்துமுதைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு கரண்டி விடு" என்றார். அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உங்களுக்கும் மனம் இருளும் நாள் வரும். மறைக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், பெருமாளிடமும் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், பயம் வரும் அளவுக்குப் பக்கத்தில்.