வலது சக்கரம் என்றார் ஏட்டையா

வள்ளித்தாய்க்குக் காது ரொம்பக் கூர்மை. குக்கர் மூன்றாவது விசிலுக்கு மூச்சு இழுக்கும்போதே எழுந்துவிடுவாள். மிக்ஸி ஜாரில் பிளேடு தளர்ந்திருப்பது, தண்ணி மோட்டார் காற்றை இழுப்பது, பக்கத்து வீட்டுப் பேச்சு எந்த நிமிஷத்தில் சண்டையாகும் என்பது, எல்லாமே மேலகரத்தில் அவளுக்குத்தான் முதலில் தெரியும். கார் விஷயத்தில் மட்டும் அவள் காதை யாரும் நம்பவில்லை.

அது பதினெட்டு வயசான சின்ன வெள்ளைக் கார். போலீஸில் ஏட்டாக இருந்தபோது அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. தெருவுக்கு இன்னும் ஏட்டையாதான். வீட்டிலும் ஏட்டையாதான், அதுதான் பிரச்சினை.

வள்ளித்தாய் கார் ஓட்டப் படித்தது நாற்பத்தேழு வயசில். ஏட்டையா சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்த நாட்களில் தென்காசி டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட்டிருந்தால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை. இரண்டு மாசத்தில் லைசென்ஸ் கைக்கு வந்த அன்று, வெளியூர் டியூட்டி முடிந்து வந்த அவரைக் கூப்பிட பஸ் ஸ்டாண்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனாள். அவர் ஏறி உட்கார்ந்து வீடு வரை அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதட்டி. தேஞ்சு போகும்."

அவருடைய அகராதியில் அது பாராட்டு. அவளுக்கும் அது தெரியும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சீசனிலும் சாரல் விழுந்துவிட்டால் போதும், காலை ஐந்தரைக்கு அந்தக் கார் ஐந்தருவிக்குக் கிளம்பும். உள்ளே தலை நிறைய எண்ணெயோடு நாலு பேர். பின்சீட்டில் பாதியை அடைத்துக்கொண்டு தையல்கடை முருகம்மாள், சத்துணவில் சமைக்கிற சுகந்தி, எதிர்வீட்டு நிர்மலாதேவி. வருஷம் முழுக்க அடுத்தவர்களுக்கு வெந்நீர் வைக்கிறவர்கள். அந்த ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீரில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டு, ஏழு மணிக்கு அடுப்பு பற்றவைக்கத் திரும்பிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வள்ளித்தாய் ஒருத்தரிடமும் 'என்னைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறியளா' என்று கேட்காமல் போய்வருகிற இடம் அது ஒன்றுதான்.

இந்த ஆனியில் சத்தம் ஆரம்பித்தது. முன்பக்கத்திலிருந்து, 'உர்ர்ர்' என்று, கோபமாக இருக்கிற நாய் மாதிரி. ஸ்பீடு கூடினால் அதுவும் கூடும். காசிமேஜர்புரம் பக்கம் வளைவில் திரும்பினால் இன்னும் கூடும்.

ஏட்டையா காரை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். "லேசா ஒரு சத்தம் கேக்கத்தான் செய்யுது. என் கால் பக்கம். வலது சக்கரம்" என்றார். மெக்கானிக் நல்லக்கண்ணுவிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவன் வலது சக்கரத்துப் பேரிங்கை மாற்றினான். இடது பக்கத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஏட்டையா வலது என்று சொன்ன பிறகு இடதை யார் தொடுவார்கள்? முன்பு ஒரு தடவை ஆர்.சி. புக் இல்லாமல் பிடிபட்டு, ஏட்டையா சத்தம் போட்டு விட்டனுப்பிய ஆள் அவன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

மறுநாள் நாலு பேரும் ஏறிக் கிளம்பினார்கள். வளைவில் அதே உர்ர்ர்.

"என்ன மதினி, மாத்தியும் கத்துது?" என்றாள் சுகந்தி.

"கத்தட்டும். வீட்ல போய் நான் கத்துதேன்."

கத்தினாள். ஏட்டையா தினத்தாளை மடித்து வைத்தார்.

"இங்க பாரு. பேரிங் மாத்தியாச்சு. இன்னும் கத்துதுன்னா வண்டி முடிஞ்சுதுன்னு அர்த்தம். முன்னால உள்ளது ஒவ்வொண்ணாப் போகும். ஆலங்குளத்துல ஒரு புரோக்கர் இருக்கான், ஞாயித்துக்கெழம வரச் சொல்லியாச்சு. வித்துருவோம்."

"வித்துட்டு?"

"நமக்கு பைக் இருக்குல்லா."

"உங்களுக்கு இருக்கு" என்றாள் வள்ளித்தாய். அவருக்கு அது விளங்கவில்லை. காபி கேட்டார்.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் அவள் இட்லிக்கு ஊறவைத்திருந்த அரிசியை எடுத்து வைத்துவிட்டு, கிரைண்டரைக் கழுவி காலியாக ஒரு சுற்று விட்டாள். சத்தமே இல்லாமல் ஓடியது. அரிசியைப் போட்டாள். 'உர்ர்ர்' என்றது. அந்த கிரைண்டருக்கு இரண்டு மாசமாகவே அந்தச் சீக்கு உண்டு. காலியாக ஓடினால் நல்ல பிள்ளை, பாரம் ஏறினால் உறுமல். கையில் அரிசி வடிகிற பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

காரை ஏட்டையா ஓட்டிப் பார்த்தது தனியாக. நல்லக்கண்ணு ஓட்டிப் பார்த்ததும் தனியாக. இரண்டு பேரும் காலி கிரைண்டரை ஓட்டிப் பார்த்துவிட்டு மாவு எப்படி இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நல்லக்கண்ணு கடை வாசலில் கார் போய் நின்றது. பின்னால் முருகம்மாள், சுகந்தி, நிர்மலாதேவி. ஏட்டையா பைக்கில் பின்தொடர்ந்து வந்திருந்தார், வேடிக்கை பார்க்க.

"முன்னால ஏறுலே" என்றாள் வள்ளித்தாய்.

"யக்கா, நான் ஓட்டிப் பாத்துட்டனே. ஒண்ணும் இல்லக்கா."

"நீ தனியாத்தான ஓட்டுன. இவளுவள வச்சு ஓட்டுனியா?"

நல்லக்கண்ணு பின்சீட்டைப் பார்த்தான். ஏட்டையாவைப் பார்த்தான். ஏட்டையா எதிர்த்த டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் ஏறினான்.

குற்றாலம் ரோட்டில் நாற்பதைத் தாண்டியதும் உறுமல் வந்தது. நல்லக்கண்ணு தலையைச் சாய்த்தான். "ஆமாக்கா, கேக்கு."

"எந்தப் பக்கம்?"

"முன்னால எல்லாம் ஒண்ணாக் கேக்கு. பக்கம் தெரியலக்கா."

"முருகம்மாக்கா, எல்லாரும் வலது பக்கமாச் சாயுங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தாலும் சரி."

மூவரும் சாய்ந்தார்கள். அடியில் மாட்டிய நிர்மலாதேவி "யக்கா, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். உறுமல் கொஞ்சம் அடங்கியது.

"இப்ப இடது பக்கம்."

முருகம்மாள் மொத்தமாக இடது கதவோடு போய் ஒட்டினாள். வள்ளித்தாய் அதே நேரத்தில் வளைவில் வலது பக்கம் ஒடித்தாள். பாரம் எல்லாம் இடது முன்சக்கரத்தில் போய் இறங்கியது. உர்ர்ர் என்பது கர்ர்ர் என்று ஆனது. நல்லக்கண்ணு தன் காலை மேலே தூக்கிக்கொண்டான், கடிக்க வந்தது மாதிரி.

"போதும்க்கா. இடதுதான்."

"என் வெயிட்டுக்கு இன்னைக்குத்தாம்ட்டி ஒரு மருவாதி கெடச்சிருக்கு" என்றாள் முருகம்மாள்.

கடைக்குத் திரும்பியதும் நல்லக்கண்ணுவுக்கு அடுத்த சிக்கல். இதை ஏட்டையாவிடம் சொல்ல வேண்டும். துணியில் கையைத் துடைத்தான், துடைத்த கையை மறுபடியும் துடைத்தான்.

"ஏட்டையா, இடது பக்கம்தான் போயிருக்கு. ஆனா வண்டிக்கு முன்னால நின்னு பாத்தா அது நீங்க சொன்ன வலதுதான்."

"சரி சரி, கழட்டு" என்றார் ஏட்டையா.

இடது முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினான். "இங்கன கை வச்சுப் பாருங்கக்கா" என்றான். ஸ்பிரிங் வழியாக அவள் உள்ளங்கையில் கரகரவென்று ஏறியது, சரியாக அரைபடாத ரவை மாதிரி. பேரிங்கைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருத்தண்ணீர். அதோடு பொடி மணல்.

"இது ரோட்டு மண்ணு மாதிரி இல்லையே. ஆத்து மணல்லா" என்றான் நல்லக்கண்ணு, யோசிக்காமல்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காரைச் சிற்றாற்றுக் கரைச் சரிவில் இறக்கிக் கழுவுகிறவர் யார் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். சரிவில் நிறுத்தினால் இடது சக்கரம் அச்சு வரை தண்ணீரில் முங்கும். ஓடி வந்த சூட்டோடு, வாரம் தவறாமல், இரண்டு சீசனாக. 'ஆத்துத் தண்ணியில கழுவுனாத்தான் வண்டி மினுங்கும்' என்பது ஏட்டையாவின் சட்டம்.

வள்ளித்தாய் அவரைப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் பேசாமல் விட்ட மூன்றாவது சந்தர்ப்பம் அது. ஏட்டையா மீசையைத் தடவினார், டீக்கடையைப் பார்த்தார், கடைசியில் யாருக்கும் பொதுவாக, "எல்லாருக்கும் டீ சொல்லுதேன். வடை வேணுமா?" என்றார்.

"ரெண்டு" என்றாள் முருகம்மாள்.

சாயங்காலம் புதுப் பேரிங்கோடு கார் வீட்டுக்கு வந்தது. புரோக்கர் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டு அவர் 'வித்துருவோம்' என்று மறுபடியும் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைக்கவில்லை. லஞ்சம் மாதிரி ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு வழக்கம் போலக் கிளம்பினாள். போகும் வழியெல்லாம் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு வந்தார்கள், சத்தம் கேட்கிறதா என்று பார்க்க. வளைவு வந்தது, போனது. டயர் ஈர ரோட்டில் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு காரில் உட்காரும்போது போன் அடித்தது.

"எங்கட்டி இருக்க? புரோக்கர் சீக்கிரமே வந்துட்டான்."

"ஐந்தருவில."

"வண்டி?"

"எங்கூடத்தான் நிக்கி."

போனை வாயிலிருந்து விலக்கி அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. அவளுக்குத்தான் காது கூர்மை ஆச்சே.

"இல்ல தம்பி, விக்க மாட்டோம். வீட்டம்மா வண்டி அது. நான் அவளக் கேக்காம உன்ன வரச் சொல்லிட்டேன். இரு, காபி போட்டுத் தாரேன், குடிச்சிட்டுப் போ."

ஏட்டையா காபி போடப் போகிறாராம். அடுப்படி என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பதறியது.

போன் மறுபடியும் வாய்க்கு வந்தது. "ஏட்டி, சத்தம் கேக்குதா?"

பின்சீட்டில் முருகம்மாளும் சுகந்தியும் சீப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பின்னாலதான் கேக்கு" என்றாள் வள்ளித்தாய். "முன்னால ஒண்ணும் இல்ல. காபித்தூள் ரெண்டாவது தட்டுல இருக்கு."

சாவியைத் திருகினாள்.