குருத்தோலை ஞாயிறும் சோழவந்தான் கிளிகளும்

குருத்தோலை ஞாயிறு நெருங்குகிறது. இந்த முறை மதுரைப் பக்கம் வந்து பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக, போன வருடத்து என் சோழவந்தான் பயணத்தை எழுதிவிடுகிறேன். நான் காளவாசலில் பெயிண்ட் கடை வைத்திருப்பவன். நெற்றியில் விபூதி இல்லாமல் ஷட்டரைத் தூக்காத குடும்பம். கிறிஸ்தவத்தைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்துக் கடை மரியதாஸ் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணி மட்டுமே. அதில் எனக்கு ஆழ்ந்த புலமை உண்டு.

அந்த மரியதாஸ்தான் வம்பில் மாட்டியிருந்தான். முந்தைய ஆண்டு அவர்கள் கோயிலுக்கு வந்த ஓலையெல்லாம் காய்ந்து சுருண்டு மானம் போயிற்றாம். "இந்த வருஷம் நான் பாத்துக்கிறேன்" என்று கோயிலின் பங்குமக்கள் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டான். அவன் மனைவியின் அண்ணன் சூசை அத்தனை பேர் முன்னாலும், "சொந்தக் கல்யாணத்துக்குத் தாலிய வீட்டுல வச்சுட்டு வந்த ஆளு. இவரு ஓலை கொண்டாந்துருவாராக்கும்!" என்று சிரித்திருக்கிறார். ஓலை சொதப்பினால் மரியதாஸ் கோயில் வாசலை மிதிக்க முடியாது. அதைவிட மோசம், மாமியார் வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது. "விடு மாப்ள, சோழவந்தான்ல நமக்குத் தெரிஞ்ச தோப்பு இருக்கு" என்று நான்தான் வாயை விட்டேன்.

ஞாயிறு விடிகாலை நாலரைக்கு ஒரு குட்டி யானை வண்டியில் கிளம்பினோம், நானும் டிரைவரும். விளாங்குடி, பரவை, சமயநல்லூர் வழியாக இருபது கிலோமீட்டர் சொச்சம். அந்த நேரத்தில் சாலை காலி என்பதால் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வைகையில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். மணல் நலமாக இருந்தது.

தோப்புக்காரர் பாண்டியம்மாள். "வேதக்கோயில் திருவிழாவுக்குக் குருத்தோலை வேணும், முந்நூறு பேர் வருவாங்க" என்று முன்பே போனில் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் அந்த அம்மாள் அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அத்தனை ஓலையையும் மடித்து, நுனியில் கிளி முடைந்து, கயிறு கயிறாகத் தோரணம் கோத்து வைத்திருந்தார்.

"சாமி காரியத்துக்கு வெறும் ஓலையாவா குடுத்து விடுறது?" என்றார்.

நான் சொக்கிப்போனேன். திருவிழா ஓலை என்றால் கயிற்றில்தான் தொங்கும். எங்கள் ஊர்க் கோயில்களில் அப்படித்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள் என்று எனக்கும் பாண்டியம்மாளுக்கும் எந்தப் பிறவியில் தெரியும்?

"நீங்க தலைகீழாக் கட்டிப்புடுவீக. நானே வந்து கட்டிவிட்டு வாரேன்" என்று பாண்டியம்மாளும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஆறரைக்குக் கோயில் வாசலில் இறங்கினோம். பவனி ஏழு மணிக்கு. மரியதாஸ் ஓடி வந்தான். தார்ப்பாயை விலக்கியதும் அவன் முகம் வெளுத்தது.

"என்ன மாப்ள இது?"

"தோரணம். எம்புட்டுக் கிளி பாத்தியா!"

"ஆளுக்கு ஒண்ணு கையில பிடிச்சுட்டு நடக்கணும்டா! இம்புட்டு வருசமா பக்கத்துக் கடையில இருக்க, இதுகூடவா தெரியாது?"

பின்னாலிருந்து சூசையின் குரல். "நான் சொன்னேன்ல? அன்னைக்குத் தாலியாச்சும் பத்து நிமிசத்துல வந்து சேந்துச்சு."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மரியதாஸ் வண்டிச் சக்கரத்தருகே உட்கார்ந்தேவிட்டான். நான் டிரைவர் முதுகுக்குப் பின்னால் மறைய இடம் பார்த்தேன். அவரோ ஒல்லியான ஆள்.

பாண்டியம்மாள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "கையில பிடிக்கணும், அம்புட்டுத்தானே?" என்றபடி கயிற்றிலிருந்து ஓர் ஓலையை உருவி, தோரணத்து மடிப்பைப் பிரித்து நீட்டிவிட்டு, நேராகச் சூசை கையிலேயே திணித்தார். "ஆட்டிப் பாருங்கண்ணே."

சூசை வேண்டாவெறுப்பாக ஆட்டினார். நுனியிலிருந்த கிளி தலையைத் தலையை ஆட்டியது. அவ்வளவுதான், பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள். "எனக்கு, எனக்கு!" ஆளுக்கொரு கயிற்றை இழுத்து உருவ, ஏழு மணிக்குள் கிளி இல்லாத கை அந்த வாசலில் இல்லை.

சிவப்பு அங்கி அணிந்த ஃபாதர் ஓலைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். "ஓசன்னா!" என்று கூட்டம் பாட, முந்நூறு கிளிகள் தெருவில் இறங்கின. பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். மரியதாஸ் மாப்பிள்ளை ஊர்வலம்போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தபடியே எனக்கு விளக்கினான். இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் வந்தபோது ஜனங்கள் மரக்கிளைகளை வெட்டி வந்து ராஜாவாக வரவேற்றார்கள். அதே ஊரில் சில நாளிலேயே "சிலுவையில் அறையும்" என்று கத்தினார்கள். இரண்டையும் மறக்கக்கூடாது என்றுதான் ஓலை பிடிக்கும் அதே பூசையில் இயேசு பட்ட பாடுகளின் வரலாற்றையும் வாசிக்கிறார்கள். எங்கள் வார்டு எலெக்‌ஷன் நினைவுக்கு வந்தது.

என் பக்கத்தில் கிளியோடு நடந்த பாண்டியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராசா வாரார்னா தோரணம் கட்டத்தானே செய்வாக? அப்ப நான் செஞ்சது சரிதான்" என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பவனிக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். ஓலை யாருக்கும் இலவசம். பூசையில் நன்மை, அதாவது மந்திரித்த அப்பம், வாங்கும் வரிசையில் பிரசாதம் என்று நினைத்து நிற்காதீர்கள், அது திருமுழுக்குப் பெற்று அதற்கெனத் தயாரானவர்களுக்கு. மந்திரித்த ஓலையைத் தெருவில் போடாதீர்கள். வீட்டில் சிலுவையில் செருகி வைத்திருந்து, அடுத்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் முன் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை எரித்த சாம்பலைத்தான் விபூதிப் புதனன்று, மண்ணிலிருந்து வந்தவர்கள் மண்ணுக்கே திரும்புவோம் என்று நினைவூட்டி நெற்றியில் பூசுகிறார்கள். ராஜாவுக்கு ஆட்டிய ஓலையே கடைசியில் சாம்பல். விபூதி எங்கள் வீட்டிலும் அதையேதான் சொல்கிறது. நாங்கள்தான் காதில் வாங்குவதில்லை.

இந்த வருடம் விபூதிப் புதனுக்கு மரியதாஸோடு நானும் போயிருந்தேன். சூசை நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்தார். சோழவந்தான் கிளிகள்தான் அங்கே கறுப்பாக உட்கார்ந்திருந்தன. எங்களைப் பார்த்ததும் நின்றார். மரியதாஸ் மெதுவாக என் பின்னால் நகர்ந்தான். தாலிக் கதை வரப்போகிறது என்று எனக்கும் பயம்.

சூசை மரியதாஸ் தோளில் கை போட்டார். "மாப்ள, இந்தத் தடவையும் நீதான பாத்துக்கிற? எனக்கு ரெண்டு கிளி சொல்லிரு."