அன்று நான் திரும்பவில்லை

சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்றவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. கரி விற்ற காசில் ஒரு பழைய லாரி வாங்கினேன். லாரியில் மிளகாய் ஏற்றினேன், பிறகு அந்த மிளகாயைச் சேர்த்துவைக்கச் சொந்தமாகக் கிட்டங்கி கட்டினேன். உப்புத் தண்ணீர் தவிர ஒன்றும் வராது என்று ஊரே கைவிரித்த இடத்தில் குடிக்கிற தண்ணீருக்குக் கிணறு வெட்டினேன். பரமக்குடி போகிற சாலையில் கல்யாண மண்டபம் எழுப்பினேன். எந்தப் பயலும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

இந்தப் பட்டியலைச் சொல்ல நான் ஒருநாளும் கூச்சப்பட்டது கிடையாது. இப்போது எழுதும்போது மட்டும் பின்னால் மேளச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

என் இளைய மகள் புருஷன் வீட்டை விட்டுத் திரும்பி வந்தவள். அங்கே அவள் பட்டதை நான் எழுதப்போவதில்லை. வந்தவள் மூலையில் உட்காரவில்லை. நம்ம பக்கத்துக் குண்டு மிளகாயைக் காயவைத்து, அரைத்து, பொட்டலம் போட்டு, செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டி விற்றாள். "வாங்க, இன்னைக்கு வத்தல் எப்படிக் காயுதுன்னு பாப்போம்" என்று முகம் காட்டிப் பேசுவாள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. வந்ததிலிருந்து சிரிக்காத பிள்ளை, வீடியோவில் சிரித்தாள். நானும் அவள் அம்மாவும் அதைப் பார்க்கவே அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடுவோம்.

அப்போதுதான் அந்தச் சேவல் வந்தது. ஆள் முகம் இல்லை, சொந்தப் பெயரும் இல்லை. சண்டைச் சேவல் படம் மட்டும். முதலில், வீடியோவுக்குக் கீழே, பொடியில் செங்கல் தூள் கலக்கிறாள் என்று எழுதினான். பிறகு, "புருஷனுக்கே காரம் தாங்கல, ஊருக்கு விக்க வந்துட்டா" என்று எழுதினான். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். மறுநாளும் அதே. ஊர்க்காரர்கள் எல்லாரும் இருக்கிற செல்போன் குழுவிலும் அதைக் கொண்டுவந்து போட்டான்.

"அய்யா, நீங்க பதில் சொல்லிறாதீக. அவனுக்கு வேண்டியதே அதுதான்" என்றாள் மகள்.

பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. செல்போனில் எழுத்தடிக்கத்தான் வராதே தவிர, பேச வருமே. ஊர்க் குழுவில் மைக்கை அமுக்கிப் பேசினேன்.

"ஏலே, ஆம்பளையா இருந்தா மொகத்தக் காட்டுடா! நான் யாருன்னு தெரியுமாலே? கரிமூட்டத்துல வெந்தவன்டா. லாரி வாங்குனவன்டா. கெணறு வெட்டுனவன்டா. மண்டபம் கட்டுனவன்டா!"

மறுநாள் விடிவதற்குள் அதை வெட்டி, ஒட்டி, மேளம் சேர்த்துப் பாட்டாக்கிவிட்டார்கள். "மண்டபம் கட்டுனவன்டா, கட்டுனவன்டா, கட்டுனவன்டா." தொண்டி பஸ்ஸில் அது ஓடியது. தங்கச்சிமடத்திலிருந்து கருவாடு கொண்டுவருகிற வியாபாரி என் முகத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் விடவில்லை, இன்னொரு தடவை மைக்கை அமுக்கினேன். அதையும் பாட்டாக்கினார்கள். பாட்டைக் கேட்டவன் எல்லாம், இது யார், எதற்கு இப்படிக் கத்துகிறார் என்று தேடிப்போய், என் மகளைப் பற்றி அவன் எழுதியதைப் படித்தான்.

ஆர்டர் நின்றது. மகள் வீடியோ எடுப்பதை நிறுத்தினாள். பிறகு அறையை விட்டு வருவதை நிறுத்தினாள். கட்டிய பொட்டலம் எல்லாம் கூடத்தில் அப்படியே கிடந்து, வருகிறவர்கள் தும்மினார்கள். ஒருநாள் என் வீட்டுக்காரி பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பாக்களை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் கிட்டங்கியில் வைத்துப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இராமநாதபுரத்தில் போய்ப் புகார் கொடுத்தோம். அங்கே இருந்த போலீஸ்காரப் பெண் மகளிடம், எல்லாவற்றையும் படம் பிடித்து வைக்கச் சொன்னது, எதையும் அழிக்க வேண்டாம் என்றது. பிறகு என் பக்கம் திரும்பியது.

"ஐயா, இனிமே ஒரு வார்த்தை பதில் போடாதீங்க. இது இவ்வளவு தூரம் பரவுனதுல பாதி உங்க குரல்தான்."

என் பேத்தி வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் என் அக்கா செத்துப்போனாள். என் மகளைத் தூக்கி வளர்த்தவள் அவள். புகார் கொடுத்துவிட்டு வந்த பிறகு, இந்தத் துக்கத்துக்குப் போகத்தான் மகள் முதல்முதலாக அறையை விட்டு வெளியே வந்தாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அய்யா, அங்கன எவனாச்சும் ஏதாச்சும் சொல்லுவான். நீங்க வாயத் தொறந்தீகன்னா, நான் இனி இந்த வாசலத் தாண்டவே மாட்டேன்."

"சரி ஆத்தா" என்றேன். மருந்து டப்பா ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் சாடை பேசுவது என்று ஒன்று உண்டு. பெயரைச் சொல்லாமல், யாரையும் பார்க்காமல், காற்றில் விடுவார்கள். எவன் திரும்புகிறானோ அந்தப் பேச்சு அவனுக்கு. நான் வாழ்நாள் முழுக்கத் திரும்பியவன். திரும்பித் திரும்பித்தான் ஆளானேன்.

பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பின் வரிசையில் ஒரு செல்போனிலிருந்து என் குரலே கிளம்பியது. "மண்டபம் கட்டுனவன்டா, கட்டுனவன்டா." அப்புறம் ஒரு பேச்சு:

"சத்தம் பத்தலையோ? பெரிய மனுசருக்குக் காது கேக்கலையோ?"

குரல் தெரிந்தது. பங்காளி மகன். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவன். என் மகள் கல்யாணத்தில் சோற்று வாளி தூக்கியவன். துண்டை வாயில் வைத்துக்கொண்டு நாலு பேர் சிரித்தார்கள். அவன் மறுபடியும் போட்டான். பெண்கள் கூட்டத்தில் அழுதுகொண்டிருந்த என் மகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்காவின் கால் பெருவிரல் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. மூன்றாவது முறை போட்டான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்பின.

"ஏலே, பொணங் கெடக்கு. அந்தக் கருமத்த அமத்துடா" என்றாள் ஒரு கிழவி.

அமத்தினான். டீ குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து போனான்.

சேவலும் அவன்தான் என்று போலீஸ் பிறகு கண்டுபிடித்தது. ஸ்டேஷனில் அவனை எதிரே உட்காரவைத்து நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"எங்க மேல ஒனக்கு என்னடா பகை?"

"பகையெல்லாம் இல்ல பெரியப்பா. தங்கச்சி மேலயும் ஒண்ணும் இல்ல."

"பெறகு?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஊருல நான் பேசுனா எவன் காதுல வாங்குறான்? விசேசம்னா பரிமாறக் கூப்புடுவாக. உக்காந்து சாப்புடுடான்னு எவனும் சொன்னதில்ல. அதுல எழுதுனா அம்புட்டுப் பேரு சிரிக்கிறாக. நீங்க வேற பதில் பேசுனீக. நீங்க எனக்குன்னு பேசுனது அதுதான் மொதத் தடவ."

அறைய எழுந்த கையை மடியில் வைத்துக்கொண்டேன். பரிதாபம் வரவில்லை. பொய் சொல்லுகிறான் என்றும் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கிழித்துப் போட இவ்வளவு போதுமா என்றுதான் இருந்தது.

சொந்தக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள். மகள் புகாரைத் திரும்ப வாங்கவில்லை. அவன் எழுதியதெல்லாம் போய்விட்டது, என் பாட்டு மட்டும் போகவில்லை, எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் மறுபடியும் பொடி விற்கிறாள். பழைய ஆர்டரில் கால்வாசி வருகிறது. வீடியோவில் கை மட்டும்தான் தெரியும். முகம் காட்டுவதில்லை, சிரிப்பும் இல்லை. சாவி இன்னும் என் வீட்டுக்காரியின் முந்தானையில்தான் இருக்கிறது.

ஊரில் இப்போது இதைக் கதையாகச் சொல்கிறார்கள். மகள் தைரியமானவள் என்கிறார்கள், போலீஸ்காரப் பிள்ளை கெட்டிக்காரி என்கிறார்கள், கிழவி அதட்டினாள் பார் என்கிறார்கள். எல்லாம் உண்மை, யாருக்கு உண்டானதையும் நான் பிடுங்க வரவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனை ஒருவரும் சொல்லுவதில்லை. கிழவி அதட்டுவதற்கு முன்னால் அங்கே சிரிப்பு செத்திருந்தது. அது எதனால் செத்தது?

உப்புத் தரையில் கிணறு வெட்டியவன் சொல்கிறேன், அன்று உட்கார்ந்திருந்தது அதைவிடக் கடினம். மண்டபத்துக் கல்லில் இருக்கிற என் பெயரை வேண்டுமானால் கொத்தி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கதையை யார் எங்கே சொன்னாலும், "அவ அய்யா அன்னைக்கு வாயத் தொறக்கல" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது எனக்குச் சேரவேண்டியது. நான் கேட்டு வாங்குவேன்.