ஆடி மாதத்துத் தேனிலவு

மேசையைச் சுற்றி அன்றைக்கு இருந்தவர்கள்: அம்மா. அம்மாவுக்கு மூத்தவர், எங்களுக்குப் பெரிய மாமா. மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா. தேநீர் ஊற்றிக்கொண்டு என் மனைவி. கல்யாணப் பெண்ணான என் தங்கச்சி. அப்புறம் நான். மேசை மேல் ஒரு பெரிய வரைபடம் விரித்திருந்தது. மாப்பிள்ளை தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பள்ளிக்கூடத்திலிருந்து அவர் கொண்டுவந்த படம் அது. மடித்து மடித்துக் கிழிந்து, சிங்கப்பூர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. தங்கச்சி அந்த ஓட்டையில் விரலை வைத்து, இங்கே இரண்டு நாள் என்றாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்ற பிறகு டவுனுக்கு வந்து, ஈப்போவில் புந்தோங் பக்கம் வாடகைக்கு இருந்தோம். சிம்பாங் பூலாயில் உடைக்கும் கல்லை லாரியில் ஏற்றிப் போவது என் வேலை. அப்பா இல்லை. அதனால் தங்கச்சி கல்யாணம் என் தலையில். மண்டபம், மேளம், சமையல், பத்திரிகை எல்லாம் பேசி முடித்தாயிற்று. இனி நிம்மதி என்று நினைத்திருந்தபோதுதான் இந்தத் தேனிலவு வந்தது. எங்கள் ஆட்களில் கல்யாணம் ஆனவர்கள் மிஞ்சிப்போனால் தாப்பாவில் பஸ் மாறி கேமரன் மலைக்குப் போவார்கள். இரண்டு நாள் குளிரில் நடுங்கிவிட்டு, முட்டைக்கோசு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். என் தங்கச்சிக்கு அது போதவில்லை. சிங்கப்பூர், கூச்சிங், கோத்தா கினபாலு என்று ஊர் ஊராக விமானம் ஏற வேண்டும். கடைசியில் சபாவின் கடலில் முங்க வேண்டும். முதுகில் காற்றுக் குழாய் கட்டிக்கொண்டு அடிவரைக்கும்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் டவுனில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வேலை செய்தாள். அங்கே சுவரில் ஒரு காலண்டர். அதில் கடலடிப் பவளமும் மஞ்சள் மீன்களும். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாளாம். அதற்கும் முன்னால் எஸ்டேட்டுக்குப் பின்னால், ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் தண்ணீர் நின்ற பழைய ஈயக்குட்டை. பெண் பிள்ளைகள் அங்கே போகக் கூடாது. இவள் போவாள். யாரும் வருகிறார்களா என்று கரையில் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீந்தக் கற்றுக்கொண்டது அவள்தான், நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. குட்டைத் தண்ணீர் சாம்பல் கரைத்தது மாதிரி இருக்கும். முங்கி எழுந்து, "கண்ணத் தொறந்து பாத்தேண்ணே, என் கையே தெரியல" என்பாள். கல்யாணம் ஆனால் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும், கூடப் புருசன் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்குத் தன் சம்பளத்திலிருந்து சேர்த்தும் வைத்திருந்தாள். என்னிடம் ஒரு காசு கேட்கவில்லை. அதனால் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பப் போறீங்க?"

"ஆகஸ்டு பள்ளிக்கூட லீவுலம்மா" என்றார் மாப்பிள்ளை.

"அது ஆடி மாசம்லா."

யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்குந்தான். ஆனியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிட வேண்டும். மாதம் முடியும்வரை இரண்டு பேரும் தனித்தனி. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று அந்தக் காலத்தில் ஊரில் வைத்த வழக்கம். ஈப்போவில் பன்னிரண்டு மாதமும் ஒரே வெயில்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது. சொன்னால் பெரிய மாமா எழுந்து போய்விடுவார், கல்யாணத்தன்றைக்கு அவரை அழைத்துவர நான் இன்னொரு முறை காலில் விழ வேண்டும்.

வருடக் கடைசி லீவில் போகலாமே என்றாள் என் மனைவி. அப்போது கடல் கொந்தளிக்கும், படகு எடுக்க மாட்டார்கள் என்றாள் தங்கச்சி. அடுத்த வருடம் போகட்டும் என்றார் அம்மா.

"அடுத்த வருசம் இவ கையில பிள்ள இருக்கும் சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "பிள்ளையத் தூக்கிக்கிட்டா கடல்ல முங்குவா?"

தங்கச்சி வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தாள். "அப்ப கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளி வைங்க. லீவுல நான் தனியாப் போய்ட்டு வந்துர்றேன்" என்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார், தேநீரைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டுகிற வாத்தியார். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தவன் நான். எனக்குத் தலை வலித்தது.

பெரிய மாமாதான் தொண்டையைக் கனைத்தார். எஸ்டேட் கோயிலில் வழக்கு வந்தால் தீர்த்துவைத்துப் பழகியவர்.

"ஆடியில பொண்ணு எங்க இருக்கணும்? தாய்வீட்டுல. தாய்வீடுன்னா என்னா? தாய் இருக்கிற எடம். தாயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா முடிஞ்சிச்சு" என்றார்.

எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "அப்ப நானும் வாரேன்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "எம் பையன் அங்க யாரு கூட இருப்பான்?" அம்மா உடனே, ஆம்பிளைத் துணை இல்லாமல் நான் பிளேன் ஏற மாட்டேன் என்று என்னைப் பார்த்தார். தங்கச்சியும் என்னைப் பார்த்தாள். கல் லாரிக்குப் பத்து நாள் லீவு கேட்கப் போகும் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

டவுனில் டிக்கெட் விற்கும் கடைக்கு நானும் தங்கச்சியும் போனோம். அங்கே இருந்தவர் வயதான சீனர். ஹனிமூன் என்றதும் எழுந்து கை கொடுத்தார். ஐந்து பேர் என்றதும் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் டிக்கெட் விற்கிறேன், மாமியார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஹனிமூன் போகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மலாயில் சொன்னார். அவரும் பிறகு எங்களால் அவதிப்பட்டார். அம்மா பிரஜை ஆகாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தார். சிங்கப்பூர் போய்த் திரும்புவதற்குத் தனியாகக் கடிதம் வாங்க வேண்டும், அதற்கு அலைய வேண்டும். அதனால் திட்டத்திலிருந்து சிங்கப்பூர் போனது. சபாவுக்கு வாங்க வேண்டிய காகிதத்துக்காக மட்டும் நான் மூன்று காலை வேலையை விட்டேன். வெள்ளிக்கிழமை பறக்கக் கூடாது என்றார் மாப்பிள்ளையின் அம்மா. செவ்வாய் வேண்டாம் என்றார் அம்மா. கேட்டுக்கேட்டு, கடைசியில் அந்தச் சீனரே, "புதன் நல்ல நாளா, இல்லையா?" என்று எங்களைக் கேட்கப் பழகிக்கொண்டார்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுபாங்கில் விமானம் ஏறியதும் அம்மா தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்தார். கூச்சிங்கில் ஆற்றங்கரையில் ஐந்து பேரும் வரிசையாக நடந்தோம். மாப்பிள்ளை ஒரு ஓரம், தங்கச்சி மறு ஓரம். எதிரில் வந்த மலாய்க் கிழவர் ஒருவர் எங்களுக்கு வழிவிட்டு, யாராவது இறந்துபோனார்களா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எல்லா ஊரிலும் இரண்டு அறை. பெண்கள் மூன்று பேரும் ஒன்றில், நானும் மாப்பிள்ளையும் ஒன்றில். என் தங்கச்சியின் தேனிலவில் மாப்பிள்ளை பக்கத்தில் படுத்தவன் நான். நல்ல மனிதர். குறட்டை கிடையாது. பெருமூச்சு உண்டு. "மச்சான், கடலுக்கு அடியில பேச முடியாதாம். கையாலதான் சைகை காட்டணுமாம்" என்பார். நான் உம் என்பேன். கோத்தா கினபாலுவில் ஆடி வெள்ளி வந்தது. ஓட்டல் அறையில் அம்மா சூடம் கொளுத்தினார். வேலைக்காரப் பையன் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டதும் நான்தான்.

முங்கக் கற்றுக்கொடுத்தவன் ஒரு சபாக்காரன். மலாய் பேசுவான், கறாரான ஆள். முதல் சில நாள் ஓட்டலின் நீச்சல் குளத்தில் பாடம். அம்மாவும் சம்பந்தியும் கரையில் குடை பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார்கள். அவன் தங்கச்சியின் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டி, கழற்ற வேண்டும் என்றான். முடியாது என்றாள். ரப்பர் சட்டைக்குள் போட்டு மேலே இறுக்கிக்கொண்டாள். சம்பந்திக்கு அது பிடித்தது. அன்றைக்கு மட்டும் மருமகளுக்குத் தன் கையால் தலை துவட்டிவிட்டார்.

பிறகு கடல். படகில் நாங்கள் ஐந்து பேர், அந்தச் சபாக்காரன், படகு ஓட்டுகிறவன். தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார்கள். தண்ணீரின் அடி தெரிந்தது. ஈயக்குட்டையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது தண்ணீர் என்றே படவில்லை. தங்கச்சி ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தாள். அப்போதுதான் சம்பந்தி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவன் இறங்கி ஏறட்டும். பெறகு இவ இறங்கட்டும். ஒண்ணா வேணாம்னு சொல்லுங்க."

நான் மலாயில் சொன்னேன். சபாக்காரன் முடியாது என்று தலையை ஆட்டினான். புதிதாக முங்குகிறவர்கள் சோடியாகத்தான் இறங்க வேண்டும். ஒருவர் கையை ஒருவர் விடக் கூடாது. முன்னால் நான் போவேன், பின்னால் இவர்கள். கடலில் இதுதான் சட்டம், பிடிக்காவிட்டால் படகைத் திருப்புகிறேன் என்றான்.

அதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"அப்ப நீங்க அவ கூட இறங்குங்க" என்றார் சம்பந்தி.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா. நான் லாரிக்காரன்."

"குழாயிலதான் காத்து வருதுல்ல?"

பதில் சொல்ல எனக்கு எரிச்சலாக வந்தது. அடக்கிக்கொண்டேன். மாப்பிள்ளை முகமூடியை நெற்றியில் வைத்தபடி எங்கோ பார்த்தார். தங்கச்சி யாரையும் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்தாள். தொங்கிய காலை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டாள். இறங்க விடமாட்டார்கள் என்று அவள் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது. இத்தனை ஊர், இத்தனை காகிதம், இத்தனை புதன்கிழமை, எல்லாம் இந்தப் படகோடு திரும்பப் போகிறது. படகு ஓட்டுகிறவன் இயந்திரத்தில் கையை வைத்தான்.

அம்மா வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார்.

"தண்ணிக்குள்ள ஆடி ஏது சம்பந்தி?" என்றார். "கட்டிலா போட்டு வச்சிருக்கு அங்க? மீனுக்கு முன்னாடி கையப் பிடிச்சா பிள்ளையா பொறந்துரும்? எறங்கட்டும்லா."

சம்பந்தியின் முகம் சிவந்தது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மாப்பிள்ளை அதற்குள் கையை நீட்டிவிட்டார். தங்கச்சி பிடித்துக்கொண்டாள். எங்கள் கண் முன்னால் அவர்கள் கையைப் பிடித்தது அதுதான் முதல் முறை. மணவறையில் பிடித்தது ஐயர் சொல்லிப் பிடித்தது.

அவர்கள் போன பிறகு மேலே குமிழிகள் மட்டும் வந்தன. மூன்று இடத்தில். முன்னால் ஒன்று தனியாக. பின்னால் இரண்டு பக்கத்தில் பக்கத்தில். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன. "ஒட்டிக்கிட்டுதான் போறாங்க, பாருங்க சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அம்மா பார்க்கவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. மேலே வந்தபோது தங்கச்சியின் கண் இரண்டும் சிவந்திருந்தன, முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம் என்று மட்டும் சபாக்காரனைக் கேட்டாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான். அவள் அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்கே காற்று மாறியது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படகு போகவில்லை. இரண்டு அறைக்குள் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஈப்போ வந்ததும் தங்கச்சி எங்கள் வீட்டுக்கு, மாப்பிள்ளை அவர் வீட்டுக்கு. ஆவணி பிறந்த பிறகு கொண்டுபோய் விட்டோம். அப்புறம் பிள்ளைகள், மாப்பிள்ளைக்குச் சித்தியவான் பக்கம் மாற்றல், இரண்டு வீட்டுக் கிழவிகளின் மருத்துவம். அவர்கள் மறுபடி எங்கேயும் முங்கப் போகவில்லை.

போன மாதம் தங்கச்சி மகளுக்கு நாள் குறித்தார்கள். அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, போனிலேயே மாலத்தீவுக்கு டிக்கெட், அறை, முங்குவதற்கு ஆள் எல்லாம் போட்டுவிட்டாள். தேநீர் ஆறும் முன்னால் முடிந்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. எனக்கு அதைப் பார்க்கக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"நாங்க ரெண்டு வாரம் போறோம் மாமா" என்றாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்களும் ஹனிமூன் போனீங்கதானே? எத்தன நாளு?" என்று கேட்டாள்.

பத்து நாள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். எங்கள் மாப்பிள்ளை பேப்பரைக் கீழே இறக்கினார். தங்கச்சி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"இருபத்தெட்டு நிமிசம்."