அண்ணர் கேட்ட பாட்டு

இறந்தவர்களுக்குப் பாட்டு எழுதுகிறவனிடம் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார் என்று நினைக்காதீர்கள். குடும்பம் குடும்பமாக வருவார்கள். பகலில் எனக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. மிச்ச நேரத்தில், முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகங்களுக்குப் பாட்டு. சொன்ன திகதிக்கு எழுதிக் கொடுத்து அவதிப்படுகிற என் இனத்தவர்களே, அவசரமாக எழுதுவது நல்லதா, மெல்ல எழுதுவது நல்லதா? எனக்கு இது சும்மா கேள்வி இல்லை. ரொக்ஸ்பரோவில் இருக்கிற என் அண்ணருக்கு இருதயம் பழுது. கண்ணை மூடுமுன் தன் பாட்டைத் தானே வாசிக்கவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

ஐஸ்கிரீம் பெட்டியின் மேல்

அஹுன்ட்சிக்கிலிருந்து ஒரு பெண் கைத்தொலைபேசியில் கூப்பிட்டார். தாயாரின் புத்தகம் அச்சுக்குப் போகிறது, பாட்டு வைக்க மறந்துபோனார்கள். நான் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்க நின்றேன். "காலமை எழும்பினதும் அம்மா என்ன செய்வா?" என்று மட்டும் கேட்டேன். யன்னலைத் திறந்து ஸ்னோவைத் திட்டுவாவாம்.

லொத்தர் சீட்டின் பின்பக்கத்தில், ஐஸ்கிரீம் பெட்டியின் மேல் வைத்து, அந்தத் திட்டையே எட்டு வரியாக்கி வாசித்தேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். கெடுத்துவிட்டேன் என்று கூசிப்போனேன். பிறகு அந்தப் பெண் கேட்டார்: "அண்ணை, நீங்கள் எங்கட அம்மாவோட எத்தினை வருஷம் இருந்தனீங்கள்?"

மூன்று வாரம்

பத்து நிமிடத்துக்கே இப்படியென்றால், மூன்று வாரம் எடுத்தால் எப்படி வரும்! ஆசை யாரை விட்டது? கர்க்லாண்டில் ஒருவரின் தகப்பனாருக்கு அப்படித்தான் எழுதினேன். மூன்று தரம் வீட்டுக்குப் போனேன். அல்பம் அல்பமாகப் பார்த்தேன், போன நேரமெல்லாம் ரோல்ஸ் சாப்பிட்டேன். இருபத்துநாலு வரி, எதுகை மோனை ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை.

மகன் இரண்டு தரம் வாசித்தார். மனைவியைக் கூப்பிட்டு அவரையும் வாசிக்க வைத்தார். பிறகு, என் மனம் நோகக்கூடாது என்று மிகவும் கவனமாகச் சொன்னார்: "பாட்டு திறம், அண்ணை. ஆனா இது ஆரின்ர அப்பா?"

பெயரை மட்டும் மாற்றினால்

இந்தக் குழப்பத்தைப் புத்தகம் வடிவமைக்கிற முரளியிடம் சொன்னேன். அவர் சென்னைக்காரர், கணினிப் பொறியாளர். "ஒரு பாட்டு ரெடியா வச்சுக்கோங்க சார், பேரை மட்டும் மாத்துங்க" என்றார். புத்தி கெட்ட நானும் சரி என்றேன்.

ஒரே மாதத்தில் ஒரே கோவிலைச் சேர்ந்த இரண்டு பேருக்கு அந்தப் பாட்டுப் போனது. இரண்டாவது நினைவுப் பூசையில் புத்தகத்தை விரித்த முதலாமவரின் மனைவி, தன் கணவருக்கு எழுதிய பாட்டை வேறு படத்தின் கீழே கண்டார். அந்த இரண்டு ஆண்களும் பகைத்துக்கொண்டு பல வருடம் முகம் பார்க்காதவர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் தலை குனிந்து நிற்க, பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார்: "உயிரோட இருக்கேக்க ஒரு வாங்கில பக்கத்தில பக்கத்தில இருக்காத ஆக்கள், தம்பி. இப்ப ஒரே பாட்டில இருக்கினம்."

அண்ணரின் முறை

அவசரமாக எழுதிக் கொடுத்தால் அண்ணரைப் போய்வரச் சொல்வது போலாகும். மெல்ல எழுதினால் அவர் பார்க்காமலே போய்விடுவார். அவரோ ஊரில் பத்திரிகையில் பிழை திருத்தியவர். பயத்தோடு ஒரு ஞாயிறு முதல் வரியைக் கொண்டுபோனேன். சிவப்புப் பேனாவால் வெட்டினார். அடுத்த ஞாயிறு வேறொரு முதல் வரி, அதையும் வெட்டினார்.

ஏழாவது ஞாயிறு கொண்டுபோனது உண்மையாகவே நல்ல வரி. அதையும் வெட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணை, நாள் போகுது. இதையாவது விடுங்கோவன்!" என்று கத்தினேன். அவர் பேனாவை மூடி, சட்டைப்பையில் குத்திக்கொண்டு சொன்னார்: "நீ முடிச்சா நான் வெளிக்கிடவேணுமெல்லே? வாற ஞாயிறு இன்னொண்டு கொண்டு வா."

நாலு வருடமாகிறது, அவசரமா மெல்லவா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆனால் கடவுள் புண்ணியத்தில் இந்த ஞாயிறும் முதல் வரி சரிவரவில்லை.